கட்டிலுக்குக் கீழே முந்நூறு பிரதிகள்!

"ஏங்க... உங்க இலக்கியத்தைக் கொஞ்சம் நகர்த்துங்க. பெருக்கணும்!"

தினமும் காலை ஏழரை மணிக்கு என் இல்லத்தரசி விடுக்கும் உத்தரவு இது. எங்கள் வீட்டுத் தேக்குக் கட்டிலுக்குக் கீழே ஒரு காலத்தில் வெங்காயக் கூடையும், ரிப்பேரான மிக்ஸியும், பொங்கலுக்கு மட்டும் வெளியே வரும் வெண்கலப் பானையும் குடியிருந்தன. அவற்றைக் காலி செய்துவிட்டு அங்கே குடியேறியவர் ஓர் எழுத்தாளர். அடியேன்தான். சொந்தக் காசில் போட்ட என் சிறுகதைத் தொகுதி, ஆறு பெரிய கட்டுகளாக!

மின்வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவன் நான். அதில் பாதி வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்தவன். ஒரு வீட்டின் வாசற்படியில் இரண்டு நிமிஷம் நின்றாலே போதும், உள்ளே ஒரு கதை ஓடிக்கொண்டிருப்பது தெரிந்துவிடும். ரிட்டயரானதும் அவற்றையெல்லாம் எழுதினேன். நாலு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். மூன்று பேர் பதிலே போடவில்லை. நாலாமவர் மட்டும் போனில் அன்பாகப் பேசினார். "கதையெல்லாம் நல்லாத்தான் இருக்கு ஸார்... காகித விலைதான் நல்லா இல்லை!"

சரி, நாமே போட்டுவிடலாம் என்று இறங்கினேன். முன்பெல்லாம் புத்தகம் போடுவதென்றால் குறைந்தது ஆயிரம் பிரதி அடித்தால்தான் கட்டுப்படியாகும் என்பார்கள். இப்போது அப்படி இல்லை. டிஜிட்டல் அச்சில் ஐம்பது பிரதிகூட அடித்துத் தருகிறார்கள். 'ஐம்பது போதுமே' என்றாள் மனைவி. ஐம்பது போதும் என்று நினைக்கிறவன் எழுத்தாளனா? முந்நூறுக்கு ஆர்டர் கொடுத்தேன்.

கணக்குப் புலியின் கணக்கு

160 பக்கம். பிரதிக்கு 75 ரூபாய் வீதம் அச்சுக்கூலி 22,500. பக்க வடிவமைப்பு 5,000. பிழை திருத்தியவருக்கு 3,000. அட்டைப் படத்துக்கு 4,000. ஆக மொத்தம் 34,500 ரூபாய். ஒரு பிரதியின் அடக்க விலை 115 ரூபாய். விற்பனை விலை 180 என்று வைத்தேன். 'பிரதிக்கு 65 ரூபாய் லாபம்' என்று ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

மறுநாள் கடைத்தெருவுக்குப் போனேன். புத்தகக் கடைக்காரர் நாற்பது சதவிகிதம் கழிவு கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் வாடகை, கரண்ட் பில் எல்லாம் உண்டு (பின்னதைப் பற்றி எனக்கா தெரியாது?). 180-ல் 72 போனால் என் கைக்கு வருவது 108. அடக்கமோ 115. அதாவது, புத்தகம் விற்றால் பிரதிக்கு ஏழு ரூபாய் நஷ்டம். விற்காவிட்டால் 115 ரூபாய் நஷ்டம். இரண்டில் எது தேவலை என்று நீங்களே சொல்லுங்கள்!

ஆகவே நேரடி விற்பனை என்று முடிவு செய்தேன். வாட்ஸ்அப் எதற்கு இருக்கிறது? குடும்பக் குழு, தெருக் குழு, ஓய்வுபெற்ற ஊழியர் குழு என்று மூன்றிலும் அட்டைப் படத்தைப் போட்டு, 'என் நூல் வெளியாகிவிட்டது' என்று அறிவித்தேன். பதினான்கு கட்டை விரல்கள், ஆறு கும்பிடுகள், இரண்டு பூங்கொத்துகள் வந்தன. பழைய போர்மேன் ஒருவர் அவசரத்தில், 'ஆழ்ந்த இரங்கல்கள்' என்று போட்டிருந்தார். பிற்பாடு யோசித்துப் பார்த்தால், நிலவரத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். ஒரு பிரதிகூட விற்கவில்லை.

சொந்தக்காரர்களுக்கு இலவசமாக நாற்பது பிரதி கொடுத்தேன். மச்சினர் வீட்டுக்குப் போனபோது டீப்பாயின் மேல் என் புத்தகம்! ஆவலோடு எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டாம் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு கரண்ட் பில் வைத்திருந்தார். ஒரு வருஷம் கழித்துப் போனேன். அதே பன்னிரண்டாம் பக்கம். அதே பில்.

இரண்டு வருஷ முடிவில் கணக்கு இதுதான். இலவசம் 40, கடைகளில் தூங்குபவை 20, விற்றவை 28. கட்டிலுக்குக் கீழே 212!

மூன்று பேர், ஒரு மேஜை

திண்டுக்கல் புத்தகத் திருவிழாவில் உள்ளூர் எழுத்தாளர்களுக்கென்று ஒரு மேஜை கிடைத்தது. அதை மூன்று பேராகப் பங்கு போட்டுக்கொண்டோம். நான், கவிதை எழுதும் ஒரு தமிழ் டீச்சர், ரிட்டயரான ஒரு பஸ் கண்டக்டர்.

கண்டக்டர் அண்ணன் கூச்ச சுபாவி. இருபத்தாறு வருஷம் 'டிக்கெட்... டிக்கெட்...' என்று கத்தியவர், 'புத்தகம்' என்று ஒரு தடவை சொல்ல நாக்கு எழவில்லை. திண்டுக்கல்லிலிருந்து பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சிறுமலைக்குப் போகிற தடத்தில் தான் கண்ட மனிதர்களைப் பற்றி எழுதியிருந்தார். வாழைத்தார் வியாபாரிகள், பிரசவ வலியோடு பஸ் ஏறிய பெண், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று நூற்றுச் சொச்சம் பக்கம். ரிட்டயர்மெண்ட் பணத்தில் முப்பதாயிரத்தை எடுத்து 150 பிரதி போட்டாராம். "யாருப்பா இதைப் படிக்கப் போறா?" என்று மகன் கேட்டானாம். அதை எங்களிடம் சொல்லும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

முதல் இரண்டு நாள் மூவரும் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தோம். ஜனங்கள் வருவார்கள், புத்தகத்தைத் தொடுவார்கள். நாங்கள் நிமிர்ந்து பார்ப்போம். உடனே சுட்டுவிட்ட மாதிரி கீழே வைத்துவிட்டு டெல்லி அப்பளக் கடைப் பக்கம் போய்விடுவார்கள். எழுதியவனே எதிரில் உட்கார்ந்திருந்தால், புரட்டிப் பார்த்துவிட்டு வாங்காமல் போக யாருக்குத்தான் தர்மசங்கடமாக இருக்காது?

மூன்றாம் நாள் கண்டக்டர் அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். கைக்குழந்தையோடு ஒரு பெண்மணி வந்து அவர் புத்தகத்தை எடுத்தார். முந்தின ராத்திரிதான் அதை நான் ஒரே மூச்சில் படித்து முடித்திருந்தேன். என்னையறியாமல் பேச ஆரம்பித்தேன். "அம்மா, அதில் நாலாவது கட்டுரையைப் படிங்க. பரீட்சைக்குப் போற பிள்ளைங்களுக்காக, மழையில பஸ்ஸை நிறுத்தி வெச்சிக்கிட்டுக் காத்திருந்த கதை. படிச்சுட்டு நான் ஒரு மணி நேரம் தூங்கலை..."

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சிறுமலை வண்டியா ஸார்? காக்கிச் சட்டைப் பையில எப்பவும் தேன்மிட்டாய் வெச்சிருப்பாரே, அந்த அண்ணனா?"

அதற்குள் அண்ணன் டீ கிளாஸோடு வந்துவிட்டார். அந்தப் பெண் ஐந்து பிரதி வாங்கினார். கையெழுத்துப் போடச் சொன்னார். அண்ணனுக்குக் கை நடுங்கியது. இருபத்தாறு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே எழுதியபோது நடுங்காத கை!

கொஞ்ச நேரம் கழித்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாரிடமோ அவர் பேசுவது கேட்டது. "இந்த மீட்டர்காரர் புக்கைப் பாருங்க ஸார். நம்ம வீட்டுக்குள்ள நடக்கிறதையெல்லாம் வாசல்ல நின்னே பார்த்திருக்காரு..." எங்கே போயிற்று அந்தக் கூச்சம்?

விஷயம் அப்போதுதான் விளங்கியது. தன் புத்தகத்தைப் பற்றித் தானே பேசினால் அது தம்பட்டம். அடுத்தவர் புத்தகத்தைப் பற்றிப் பேசினால் அது சிபாரிசு! அன்று முதல் எங்கள் மேஜைக்கு ஒரே சட்டம்தான். யாரும் தன் புத்தகத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. பத்து நாளில் அண்ணனுடையது 52, என்னுடையது 34, டீச்சருடையது 19 பிரதிகள் விற்றன. கோடிக்கணக்கில் இல்லைதான். ஆனால் இரண்டு வருஷத்தில் 28 விற்றவனுக்குப் பத்து நாளில் 34 என்றால் தீபாவளிதானே!

பாரதியே போட்ட திட்டம்!

'சொந்தமாகப் புத்தகம் போட்டு, நாமே கூவி விற்கிறோமே, கேவலமில்லையா?' என்று ஒரு நாள் நான் புலம்பியபோது டீச்சர் பிடித்துக்கொண்டார்.

"உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை எப்படிக் கொண்டுவந்தார் ஸார்? புத்தகம் அச்சாகி வருவதற்கு முன்னாலேயே ஆள் ஆளாகப் பார்த்துக் கையொப்பம் வாங்கி, அந்த ஆதரவில்தானே அச்சிட்டார்? இன்றைக்கு 'முன்பதிவு'ங்கிறோமே, அதேதான். பாரதியார் மட்டும் என்ன? 1920-ல் கடையத்தில் இருந்துகிட்டு, தன் எழுத்தையெல்லாம் நாற்பது புத்தகமாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதி அச்சிடப் போறேன், பணம் கடன் கொடுங்கன்னு எல்லாருக்கும் சுற்றுக் கடிதம் அனுப்பினார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி மாதிரி சுலபமா விற்கும்னு நம்பினார்!"

"அப்புறம்?"

"பணம் வரலை. அடுத்த வருஷமே அவரும் போயிட்டார்."

மேஜையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நாற்பது புத்தகம், தலா பத்தாயிரம் என்றால் நாலு லட்சம் பிரதி! அவ்வளவு பெரிய மனிதருக்கே கதி அதுவென்றால், கட்டிலுக்குக் கீழே 178 பிரதி வைத்திருப்பவன் அலுத்துக்கொள்ளலாமா? அவருக்குக் கிடைக்காதது ஒன்று எங்களுக்குக் கிடைத்திருந்தது. பக்கத்து நாற்காலியில் அதே அவஸ்தையில் இன்னும் இரண்டு பேர்!

மொய் விமரிசனம்

திருவிழா முடிந்தும் நாங்கள் பிரியவில்லை. போனில் பேசிக்கொண்டோம். அவரவர் ஊர் நண்பர்களைச் சேர்த்தோம். மதுரை, தேனி, கரூர் என்று பதினோரு பேர் ஆனோம். ஒருவருக்கு நல்ல அச்சகம் தெரியும், இன்னொருவருக்கு நியாயமான கூலிக்கு அட்டை போடுகிறவரைத் தெரியும். ஓர் ஊரில் புத்தகத் திருவிழா என்றால், அங்கே இருக்கிறவர் மற்ற பத்துப் பேரின் புத்தகங்களையும் தூக்கிக்கொண்டு போவார். பஸ் செலவு மிச்சம், கால்வலி மிச்சம்.

இங்கேதான் வினை ஆரம்பித்தது.

எங்களில் ஓர் இளைஞர் துப்பறியும் நாவல்களை மின்புத்தகமாகவே போடுகிறவர். 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் வந்ததே, அதற்குப் பிறகு அச்சகப் பக்கமே போகாமல் எழுதத் தொடங்கிய தலைமுறை. அவர் ஒரு யோசனை சொன்னார். "அங்கிள், இணையக் கடையில நட்சத்திரம் முக்கியம். நாம பதினோரு பேரும் ஒருத்தருக்கொருத்தர் அஞ்சு ஸ்டார் போட்டுக்குவோம்!"

எங்கள் பக்கத்தில் மொய் விருந்து என்றால் தெரியாதவர் கிடையாது. நீ எனக்கு ஐந்நூறு எழுதினால் நான் உனக்கு ஆயிரம் எழுத வேண்டும். நோட்டில் கணக்கு இருக்கும். அதே ரீதியில் விமரிசனங்கள் எழுத ஆரம்பித்தோம். 'தமிழில் இதுவரை வந்திராத படைப்பு!' என்று நான் எழுதினால், 'உலகத் தரம்!' என்று அந்தப் பக்கத்திலிருந்து வரும். ஒரு நாவலைப் படிக்காமலே, 'முடிவு எதிர்பாராதது' என்று எழுதினேன். அது இரண்டு பாக நாவல், முடிவே இன்னும் வரவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது!

ஒரு நாள் காலையில் பார்த்தால், அந்த இணையக் கடையில் எங்கள் நட்சத்திரங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. நண்பர்களும் உறவினர்களும் எழுதும் விமரிசனம், ஒருவருக்கொருவர் பேசிவைத்து எழுதிக்கொள்ளும் விமரிசனம், இதெல்லாம் செல்லாது என்று விதி இருக்கிறதாம். தம்பிக்கு ஒரே ஆத்திரம். எனக்கோ வெட்கம். ஆனாலும் அது பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் தபாலில் வந்தது.

டீச்சரின் கவிதைத் தொகுதியை நான் வாயாரப் புகழ்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அதில் பாதி எனக்குப் பிடிக்கவில்லை. பள்ளி ஆண்டு விழா வாழ்த்து மாதிரி இருந்தது. ஆனால் அவர் என் புத்தகத்தை எத்தனை பேரிடம் கொடுத்திருக்கிறார்! மொய்க் கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா?

கரூரிலிருந்து ஒரு வாசகர் இன்லண்ட் லெட்டரில் எழுதியிருந்தார். 'ஐயா, நீங்கள் சொல்லித்தான் பஸ் கண்டக்டரின் நூலை வாங்கினேன். என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். அதே நம்பிக்கையில், நீங்கள் புகழ்ந்த கவிதை நூலையும் வாங்கினேன். நீங்கள் அதை உண்மையிலேயே படித்தீர்களா? இனி நீங்கள் எதைச் சொன்னாலும் யோசிக்க வேண்டியிருக்கிறது.'

நாலே வரி. ஆனால் என்னைத் தூங்கவிடவில்லை. நான் பொய் சொன்னதால் நஷ்டம் டீச்சரின் புத்தகத்துக்கு மட்டும் இல்லை. நாளைக்குக் கண்டக்டர் அண்ணனின் புத்தகத்தை உண்மையாகவே புகழ்ந்தாலும் இந்த மனிதர் நம்ப மாட்டார். எங்களிடம் விளம்பரத்துக்குப் பணமில்லை, கடையில் ஷோகேஸ் இல்லை. இருந்த ஒரே முதல் எங்கள் வாய்ச்சொல். அதையும் கள்ள நோட்டாக அடித்துவிட்டேனே!

"டீச்சர்கிட்ட உள்ளதைச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"கோவிச்சுக்குவாங்களே?"

"முப்பது வருஷமா என் சாம்பாரை நல்லா இருக்கு நல்லா இருக்குன்னே சொல்றீங்க. அதனாலதான் அது இன்னும் அப்படியே இருக்கு!"

சொன்னேன். எதெது பிடித்தது, எதெது பிடிக்கவில்லை, ஏன் என்று நாலு பக்கம் எழுதிக் கொண்டுபோய் நேரில் கொடுத்தேன். டீச்சர் முழுக்கப் படித்தார். மடித்து வைத்தார். "காபி சாப்பிடறீங்களா ஸார்?" என்றார். அந்தக் காபியில் சர்க்கரை இருந்ததா என்பதுகூட எனக்கு நினைவில்லை. அதற்குப் பிறகு மூன்று மாதம் அவரிடமிருந்து போன் இல்லை. நான் செய்தது சரியா என்று தினமும் மனைவியைக் கேட்பேன். "பெருக்கணும், நகருங்க" என்பாள்.

பட்டுத் தெரிந்துகொண்டவை

இப்போது எங்களுக்குள் சில ஏற்பாடுகள். பிடித்தால் மட்டுமே வெளியில் பேசுவது. பிடிக்காவிட்டால் எழுதியவரிடம் மட்டும் சொல்வது. 'இவர் என் நண்பர்' என்று முதல் வரியிலேயே போட்டுவிடுவது. இதனால் நட்சத்திரம் குறைந்தது. ஆனால் வாங்கியவர்கள் திரும்ப வந்து, 'அடுத்து எதைப் படிக்கலாம்?' என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

சொந்தமாகப் புத்தகம் போட நினைக்கும் அன்பர்களுக்கு, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட இன்னும் சில விஷயங்கள்...

ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் ஐ.எஸ்.பி.என். முகமை அதை இலவசமாகவே தருகிறது. எழுத்தாளரே இணையத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

1954-ம் வருஷச் சட்டப்படி, புத்தகம் வெளியான முப்பது நாளுக்குள் பதிப்பாளர் தன் செலவில் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்பட வேறு மூன்று நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். நீங்களே பதிப்பாளர் என்றால் நீங்கள்தான் அனுப்ப வேண்டும். உங்கள் பேரன் ஒரு நாள் கன்னிமாராவில் தேடினால் தாத்தா கிடைக்க வேண்டாமா?

தபால் விஷயம். பதிவுப் புத்தகத் தபால் சலுகை 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. எங்களுக்குப் பெரிய அடி அது. பிறகு 2025 மே 1-ம் தேதி 'ஞான் போஸ்ட்' வந்தது. தொடங்கியபோது 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. விளம்பரம் அடங்கிய வெளியீடுகளுக்கு இது செல்லாது. உங்கள் புத்தகத்துக்குப் பொருந்துமா என்று தபால் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு கட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. முதலில் ஐம்பது பிரதி மட்டும் அடியுங்கள். (என் மனைவி சொன்னது. அவள் பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்கிறாள். ஆசிரியர் அனுமதித்தால் அடுத்த இதழில்!)

இன்றைய இருப்பு

நாலாவது மாதம் டீச்சரிடமிருந்து ஒரு பெரிய கவர் வந்தது. உள்ளே புதுக் கவிதைகளின் கையெழுத்துப் பிரதி. மேலே ஒரு துண்டுச் சீட்டு. 'ஸார், இது இன்னும் அச்சுக்குப் போகவில்லை. திட்டுவதானால் இப்போதே திட்டிவிடுங்கள்.'

திட்டுவதற்கு இந்தத் தடவை அதிகமில்லை. மூன்று கவிதைகளை எடுத்துவிடச் சொன்னேன். இரண்டை எடுத்தார். மூன்றாவதை எடுக்க மாட்டேன் என்று சண்டை போட்டார். சண்டை போடுகிற அளவுக்கு நட்பு திரும்பிவிட்டது என்று எனக்கு நிம்மதி. புத்தகம் வந்ததும் கரூர் வாசகருக்கு என் செலவில் ஒரு பிரதி அனுப்பினேன். 'இதை நான் உண்மையாகவே படித்தேன்' என்று முதல் பக்கத்தில் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

கண்டக்டர் அண்ணன் 150 பிரதியும் விற்று, இரண்டாம் பதிப்பாக ஐம்பது அடித்திருக்கிறார். "யாருப்பா படிக்கப் போறா?" என்ற மகன்தான் இப்போது பார்சல் கட்டுகிறானாம்.

என் புத்தகம் என்னாயிற்று என்கிறீர்களா? இன்றைய தேதியில் கட்டிலுக்குக் கீழே 47 பிரதிகள்தான் பாக்கி! இந்த நல்ல செய்தியை மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"அப்ப மிச்சக் கட்டெல்லாம் என்ன?"

"அது... கண்டக்டர் அண்ணனோடது முப்பது, டீச்சரோடது நாற்பது, தேனிக்காரரோடது..."

"முன்னே ஒரு எழுத்தாளர்தான் கீழே கிடந்தார். இப்ப பதினோரு பேரா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அடித்துக்கொண்ட கையோடு ஒரு பிரதியை உருவினாள். அண்ணனின் புத்தகம். எதிர் வீட்டு மாமியிடம் நாலாவது கட்டுரையைப் பாதி சொல்லி, மீதியை வாங்கிப் படிக்கச் சொல்லி வைத்திருக்கிறாளாம்.

என் புத்தகத்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்களுதை நான் சொன்னா எப்படிங்க? நான் உங்க ஆளாச்சே!" என்றாள்.